தலைவாசலும் காவலும்
மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளின் வாயில் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கு ஒரு வாயில் உண்டு. அதனை முகத்துவாரம் என்கிறோம். துவாரம் என்னும் வடசொல்லுக்கு வாயில் என்பது பொருள். கோடைகாலத்தில் கடல் மணலைக் கொணர்ந்து குவித்து அவ்வாயிலை அடைத்துவிடும். மாரிமழையால் வாவி பெருகி வயல்களும் ஊர்களும் வெள்ளத்தில் அமிழும் நிலை வந்தால், மணல் திட்டை வெட்டி வாயிலைத் திறந்துவிடுகிறோம். அடைக்க வேண்டிய காலத்தில் அடைபட்டும், திறக்க வேண்டிய காலத்தில் திறந்தும் இருப்பதே நல்ல வாயில் என்னும் பாடத்தை நமது வாவியே நமக்குக் கற்பித்து வைத்திருக்கின்றது.

நமது வீடுகளின் தலைவாசலுக்கும் இப்பாடம் பொருந்தும். இன்று எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, புதிதாகக் கட்டப்படும் வீடுகளைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேலான மதில். தகரம் அடித்த இரும்புக் கேற். அதற்குள்ளே கம்பிக் கதவு. அதற்கும் உள்ளே மரக் கதவு. இத்தனை இருந்தும் வீட்டிலுள்ளார் அச்சமின்றி உறங்குகின்றனரா என்று கேட்டால், ஆம் என்று சொல்வார் சிலரே. மதில் உயர உயர மனத்தின் அச்சமும் உயர்வது ஏன்? நம் முன்னோர் வீட்டு வாயிலை எவ்வாறு அமைத்தனர்? அவர் அறிந்திருந்த எதனை நாம் மறந்தோம்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டை வாயில் சொல்லும் பாடம்

இப்பகுதியில் காவலுக்கென்றே அமைக்கப்பட்ட வாயில்களுள் பெரியது புளியந்தீவுக் கோட்டை வாயிலாகும். ஆகவே முதலில் அதனை நோக்குவோம்.

மட்டக்களப்பு அக்காலத்தில் கண்டி இராச்சியத்தின் கீழ்த்திசை வாயிலாக விளங்கியது. 1602ஆம் ஆண்டில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்றலைவன் இங்கு வந்திறங்கியே கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். இவ்வாயிலை அடைத்துவிட வேண்டும் என்று கருதிய போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். இரு பக்கம் வாவி. மற்றை இரு பக்கம் அகழி. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். இதனினும் மேலான காவல் வேறு என்ன வேண்டும்?

ஆயினும் பத்தே ஆண்டுகள் கழிந்தன. 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் என்பான் தலைமையில் ஒல்லாந்தர் வந்தனர். இரண்டாம் இராசசிங்க மன்னனின் படையும் அவர்களோடு சேர்ந்து நின்றது. பீரங்கிகள் முழங்கின. மே 18ஆம் நாள் போர்த்துக்கேயர் சரணடைந்தனர். பின்னர் ஒல்லாந்தர் கோட்டையைத் தமதாக்கித் திருத்திக் கட்டினர். வாயிலின் முகப்பில் அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையை இன்றும் காணலாம். ஆனால் 1795ஆம் ஆண்டில் அந்த வாயிலும் ஆங்கிலேயருக்குத் திறந்தது.

வாயில் வலியதாயிருந்தும் கோட்டை ஏன் வீழ்ந்தது? உள்ளே இருந்தவர்க்கு வெளியே துணை இல்லை. சுற்றியிருந்த நாடு அவர்களுடைய நாடன்று. ஆபத்து வந்தபோது ஓடிவரக்கூடிய அயலார் அவர்களுக்கு இல்லை. வாயிலின் வலிமை மரத்திலும் இரும்பிலும் பாதியே உள்ளது. மறுபாதி வாயிலுக்கு வெளியே உள்ளது. இதுவே கோட்டை நமக்குச் சொல்லும் பாடம்.

பழந்தமிழர் கண்ட வாயில்

கோட்டை வாயிலைக் கட்டியவர் அந்நியர். தமிழர்தம் வாயில் எத்தகையது என்று அறியப் பழைய நூல்களை நாட வேண்டும்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனை வாயிலை நமக்குக் காட்டுகின்றது. இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குத் தீட்டிய கதவும், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நிலையும், உயர்த்திய கொடியோடு யானை நுழையத்தக்க உயரமும் உடைய வாயில் அது. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மறுபக்கத்தைக் காட்டுகின்றார். கல்லையும் மரத்தையும் துணிக்கும் கருவியும் நூலேணியும் கொண்டு நள்ளிரவிலே திரியும் கள்வரும் அதில் உண்டு. மழை பொழியும் பாதியிரவிலும் சோராது அவர்களைத் தேடித் திரியும் ஊர்காவலரும் உண்டு. கதவு வலிதாயிருந்த மதுரையிலேயே தெருக்காவலும் வேண்டியிருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இவையெல்லாம் மாநகர்ச் செய்திகள். எளிய வீட்டின் வாயிலைக் குறுந்தொகையில் நன்னாகையார் காட்டுகின்றார். மாலைப்பொழுதிலே, பலரும் வந்து புகும் வாயிலை அடைக்கு முன்னர், இன்னும் உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என்று கேட்டுவிட்டே அடைப்பராம். கதவை அடைப்பதற்குங்கூட ஒரு முறை! காவல் என்றால் பிறரை விலக்குவது என்று மட்டும் அவர்கள் எண்ணவில்லை. வரத்தக்கவனை வெளியே விட்டு அடைத்த கதவும் குற்றமுள்ள கதவே.

இனி, நமது பகுதியினர் நன்கறிந்த கதைக்கு வருவோம். வாவிக்கரை ஊர்கள் பலவற்றில் கண்ணகை அம்மன் கோயில்கள் உள்ளன. தம்பிலுவில், காரைதீவு முதலிய இடங்களில் வைகாசிச் சடங்கு கதவு திறத்தலோடு தொடங்கிக் குளிர்த்தியோடு நிறைவுறும். அவ்வம்மையின் வரலாற்றைக் கூறும் சிலப்பதிகாரத்திலே, கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கும் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று காவலர்க்கு எடுத்துரைக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்பன அவை. முன்னைய ஐந்தினையும் நாம் விட்டுவிடலாம். இடம், காலம், கருவி என்னும் மூன்றும் இன்றைய பொலிசாரும் ஒப்புக்கொள்ளும் உண்மைகளாம். கள்வன் மறைந்து நிற்க இடம் வேண்டும். கதவை நெம்பக் காலம் வேண்டும். நெம்பக் கருவி வேண்டும். இம்மூன்றையும் அவனுக்குக் கொடாத வாயிலே காவலுள்ள வாயில்.

துறை, கடப்பு, முற்றம், திண்ணை

நம் முன்னோரின் வீட்டமைப்பு இம்மூன்றையும் எவ்வாறு மறுத்தது என்று காண்போம்.

பாலங்கள் தோன்றுமுன் வாவியே ஊர்களுக்கு அகழியாயிருந்தது. கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் புளியந்தீவுக்கும் இடையே போக்குவரவெல்லாம் தோணியும் ஓடமும் வழியாகவே நடந்தன. துறையில் இறங்குவோன் யார், எந்த ஊரான், எவர் வீட்டுக்கு வந்தான் என்பதை ஓடக்காரன் அறிவான். ஆகவே துறையே ஊரின் முதல் வாயிலாயிற்று.

இரண்டாவது வாயில் வளவின் கடப்பு. இரு பக்கமும் மரக்கால் நட்டு, குறுக்கே கழிகளைச் செருகி அமைப்பது அது. அதன் அருகே உள்ள இடத்தைக் கடப்படி என்பர். கடப்பினாலே மாடு நுழையாது. ஆனால் கண் நுழையும். உள்ளிருப்பார் வெளியையும் வெளியே செல்வார் உள்ளையும் காணலாம். யாழ்ப்பாணத்தார் படலை என்பர். அங்கே கூரை வேய்ந்த சங்கடப் படலையில் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறவும் இடமிருந்தது. கடப்படியில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே வளவுக்குள் அடிவைப்பது நம் வழக்கம். அக்குரலும் மறுமொழியும் பூட்டில்லாப் பூட்டாக விளங்கின.

மூன்றாவது முற்றம். காலையும் மாலையும் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றத்திலே பற்றை இல்லை. மறைந்து நிற்க இடம் இல்லை. இரவில் எவன் நடந்தாலும் விடியலில் அவன் அடிச்சுவடு சாட்சி சொல்லும். நான்காவது திண்ணை. வீட்டு முதியவர் அங்கே படுத்திருப்பார். அவரைக் கடந்தன்றிக் கதவை அணுகுதல் இயலாது. அவருடைய இருமலொன்றே போதிய காவலாகும்! ஐந்தாவதாகவே கதவு. முதிரையிலோ பாலையிலோ கடைந்த நிலை, தாழ்ந்த மேல்விட்டம், உயர்ந்த படி, உட்புறம் குறுக்குத்தடி. குனிந்து நுழைகின்றவன் விரைந்து பாய இயலாது.

இவை ஐந்தினும் சிறந்த காவல் ஒன்று இருந்தது. நமது பகுதியிலே வீடு பெண்ணுக்கு உரியது. தாய்வழிக் குடிமுறை நிலவும் ஊர்களில் தாயின் வளவிலோ அதன் அருகிலோ மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாய்க் கொடுப்பர். மணமகன் அங்கே வந்து வாழ்வான். முக்குவர் சட்டமெனப் பெயர்பெற்ற பழைய சொத்துரிமை வழக்கைக் குறித்துக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876ஆம் ஆண்டிலேயே நூலொன்று வெளியிட்டார். சட்டம் மாறியும் வழக்கம் மாறவில்லை. இதனால் அடுத்த வீட்டில் இருப்பவள் தமக்கை. அதற்கடுத்த வீட்டில் சின்னம்மா. ஒரு வளவில் நாய் குரைத்தால் மூன்று வளவுகளில் விளக்கு எரியும். ஒல்லாந்தர் கோட்டைக்கு இல்லாத வெளித்துணை நமது கிடுகு வீட்டுக்கு இருந்தது.

பூட்டின் வரலாறு

தாழ், தாழ்ப்பாள், பூட்டு, திறவுகோல் என்பன பழந்தமிழ்ச் சொற்களே. எனினும் புதுவகைப் பூட்டுகளும் கதவு வேலையும் ஐரோப்பியரோடு பெருகின என்பதற்குச் சொற்களே சான்று. சாவி, யன்னல், விறாந்தை என்பன போர்த்துக்கேயர் வழி வந்தவை. தமிழகத்தார் சாவி என்பதை நாம் திறப்பு என்று நல்ல தமிழில் வழங்குகின்றோம். ஆனால் கதவை நெம்பும் அலவாங்கும் போர்த்துக்கேயச் சொல்லே! யன்னலோடு அலவாங்கும் வந்து சேர்ந்தது போலும். மட்டக்களப்பிலே போர்த்துக்கேய மொழி பேசிய பறங்கியர் தச்சிலும் கொல்லு வேலையிலும் பெயர் பெற்றவர்கள். நகரத்தின் கதவு வேலையில் அவர்தம் கைத்திறனுக்குத் தனி இடம் உண்டு.

பூட்டை எவ்வளவு நம்பலாம்? இலண்டனில் பிராமா என்னும் கொல்லர் செய்த பூட்டொன்று, இதனைத் திறப்பார்க்குப் பரிசு உண்டு என்னும் அறிவிப்போடு கடையின் யன்னலில் அறுபதாண்டுகள் வரையில் வெற்றியோடு தொங்கிற்று. 1851ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சியின்போது ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் வந்தார். பதினாறு நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதனைத் திறந்துவிட்டார். திறக்கமுடியாத பூட்டு உலகில் இல்லை. பூட்டு நமக்கு வாங்கித் தருவது காலம் ஒன்றையே. 51 மணி நேரம் ஒருவன் நம் வாசலில் குந்தியிருந்தால் அதைக் காண அயலில் ஒரு கண் இருக்க வேண்டும். இல்லையேல் அந்தக் காலத்தால் பயனில்லை.

சட்டமும் இதனையே உணர்த்துகின்றது. 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு முன்மாதிரியாய் அமைந்த 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டக்கோவை, வீடுடைத்தல் நிகழும் வழிகளை ஆறாக எண்ணிற்று. அவ்வாறினுள் பூட்டைத் திறத்தல் ஒன்றே ஒன்று. சுவரில் வழி செய்தல், மதில் ஏறுதல், வாசலில் நிற்பவரைத் தாக்கி நுழைதல் முதலியன ஏனையவை. நாமோ ஒரு வழியைப் பூட்டிவிட்டு ஐந்து வழிகளை மறந்துவிடுகின்றோம்.

மாறிய காலம்

பழைய வாயில் ஏன் மறைந்தது? குறை கூறுவதற்கு முன் காரணத்தை அறிதல் முறை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியிலே கிடுகும் மண்சுவரும் வேலியும் ஓரிரவில் அழிந்தன. கல்வீடு வேண்டும் என்னும் ஆசை அதன்பின் வலுத்தது இயல்பே. பின்பு நீண்ட போர்க்காலம். இரவில் கதவு தட்டும் ஓசை கேட்டாலே குலைநடுங்கிய ஆண்டுகள் அவை. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. ஆனால் அந்நாட்களின் அச்சம் மதிலாக எழுந்து நிற்கின்றது. குடும்பத்தின் உழைப்பாளர் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்ல, முதியோரும் சிறுவருமே தங்கிய வீடுகள் பல. அவர்கள் உயர்ந்த மதிலை நாடுவதில் வியப்பில்லை.

ஆயினும் மதில் இருபுறமும் மறைக்கும். ஒருமுறை ஏறிக் குதித்துவிட்டால் கள்வனுக்கு அதுவே திரை. 1961ஆம் ஆண்டில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலிலே, தெருவை நோக்கியிருக்கும் மக்களின் கண்களே தெருவுக்குக் காவல் என்று விளக்கினார். 1972ஆம் ஆண்டில் ஒஸ்கார் நியூமன் என்னும் கட்டடக்கலைஞர், குடியிருப்போர் தமதென்று உணர்ந்து பார்வையில் வைத்திருக்கக்கூடிய முன்றிலே காவலுள்ளது என்று எழுதினார். நமது கடப்பும் முற்றமும் திண்ணையும் செய்துவந்த தொழிலை மேனாட்டார் ஆராய்ந்து நூலாக்கினர். நாமோ அவற்றை இடித்துவிட்டு மதில் கட்டினோம்!

இன்று செய்யத்தக்கவை

கடப்பையும் கிடுகையும் மீண்டும் கொணர்தல் இயலாது, வேண்டியதும் இல்லை. அவற்றின் கருத்தைக் கல்லிலும் இரும்பிலும் அமைத்தல் இயலும். பொற்கொல்லன் சொன்ன மூன்றையும் கொண்டே வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, இடம் கொடாமை. தெருப்பக்க மதில் மார்பளவுக்கு மேற்படாதிருத்தல் நன்று. உயரம் வேண்டுமெனின் மேற்பகுதியைக் கம்பியால் அமைக்கலாம். கேற்றுக்குத் தகரம் வேண்டா, கம்பியே போதும். கதவின் இருமருங்கும் அடர்ந்த செடி வளர்த்தல் ஆகாது. வாசல் விளக்கு வருபவன் முகத்தில் விழுமாறும், உள்ளிருப்பவர் கண்ணில் படாதவாறும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கருவி கொடாமை. அலவாங்கு, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றை முற்றத்தில் விட்டு உறங்குதல் கள்வனுக்குக் கருவியை நாமே கொடுப்பதாகும். கதவுக்குப் பிணைச்சல் உட்புறம் இருக்கட்டும். விலையுயர்ந்த பூட்டைச் சிறு திருகாணிகளால் மெல்லிய நிலையில் பொருத்துவதால் பயனில்லை. உதைக்கும்போது உடைவது பூட்டன்று, நிலையே. ஆகவே நிலையைச் சுவரோடு இறுக்கி, நீண்ட திருகாணி கொண்டு பூட்டைப் பொருத்த வேண்டும். கதவருகே யன்னலோ கண்ணாடியோ இருப்பின், கையை நீட்டித் தாழ்ப்பாளை எட்டாத தொலைவு வேண்டும். பூந்தொட்டியின் கீழே திறப்பை வைப்பதைக் கள்வரும் அறிவர்.

மூன்றாவது, காலம் கொடாமை. கேற், முற்றம், விறாந்தை, கதவு என ஒவ்வொரு படியிலும் அவன் தாமதிக்க வேண்டும்; ஒவ்வொன்றிலும் ஓசை எழ வேண்டும். கீச்சிடும் கேற்றுக்கு எண்ணெய் விடாதிருப்பதும் ஒரு காவலே.

படுவான்கரையின் எல்லை ஊர்களிலே கள்வனினும் பெரிய விருந்தாளி ஒருவன் உண்டு. நெல்லின் மணத்தை நுகர்ந்து வரும் காட்டு யானைக்கு எந்தக் கதவும் கதவன்று. அங்கே நெல்லைப் படுக்கையறையில் அடுக்காது வேறாக வைத்தலே முதற் காவல். மின்வேலியும் ஊர்க்கட்டுப்பாடும் அதன்பின் வருவன.

திறக்க வேண்டிய வேளை

இதுவரை அடைப்பதைப் பற்றிச் சொன்னோம். முகத்துவாரம் கற்பித்த மறுபாதி இன்னும் உள்ளது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில் இருந்த நாவலடி மக்களுக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. அத்தகைய வேளையில் தலைவாசல் உள்ளே வரும் வழியன்று. உயிர் தப்பும் வழி. தீப்பிடித்த வீட்டுக்கும் இது பொருந்தும். உட்புறம் ஆமைப்பூட்டுத் தொங்கவிட்ட கம்பிக் கதவும், எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும் திறப்பும் கள்வனைத் தடுக்குமுன் நம்மையே தடுத்துவிடும். உள்ளிருந்து திறப்பின்றித் திறக்கத்தக்க தாழே சிறந்தது. பூட்டுத்தான் வேண்டுமெனின், வெளியிலிருந்து கை எட்டாத ஓரிடத்தில் ஆணியடித்துத் திறப்பைத் தொங்கவிடுக. வீட்டிலுள்ள பிள்ளையும் பாட்டியும் இருட்டிலே அதனை எடுத்துத் திறக்கப் பழகியிருத்தல் வேண்டும். இரண்டாவது வழி ஒன்றும் வீட்டுக்கு அவசியம்.

இளைஞர் கடமை

இறுதியாக ஒன்று. கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் எடுத்துரைத்த அந்தப் பொற்கொல்லன் யார்? பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடியவன் அவனே. அவன் கன்னம் வைத்து நுழையவில்லை, மதில் ஏறவில்லை, அரண்மனைக்கு வேண்டியவனாய், மரியாதையோடு, தலைவாயில் வழியாகவே சென்று வந்தவன். வேலியே பயிரை மேய்ந்த கதை அது. எந்தத் தச்சனும் அதற்குக் கதவு செய்து தர இயலாது. வருபவர் யார், எதற்கு வந்தார் என்று அறிந்துகொள்ளும் அறிவும், அறியாதவரைக் கடப்படியிலேயே நிறுத்திப் பேசும் துணிவும் வேண்டும். தனித்திருக்கும் முதியோர்க்கு இவை இரண்டும் எளிதல்ல. அங்கேதான் அயல் உதவவேண்டும்.

பெரியோர்களே, உங்கள் வளவிலே திண்ணையொன்றாவது மிஞ்சியிருந்தால் அதனை இடியாதீர்கள்; மாலையில் அங்கே வந்து அமருங்கள். இளைஞர்களே, உங்கள் குறிச்சியில் முதியோர் மட்டும் வாழும் வீடுகள் எவை, ஆளின்றிப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் எவை என்பதை அறிந்து வையுங்கள். வாரம் ஒருமுறை அக்கடப்படிகளில் நின்று குரல் கொடுங்கள். தளர்ந்த பிணைச்சலை இறுக்கவும் அணைந்த விளக்கை மாற்றவும் உங்கள் கைகள் போதும். சங்கம் ஒன்றுக்கு இதனினும் எளிய தொண்டும் இல்லை. இதனினும் பயனுள்ள தொண்டும் இல்லை.

நன்னாகையார் காட்டிய வீட்டார் கதவை அடைக்குமுன் வெளியே நோக்கி ஒரு கேள்வி கேட்டனர். நாமும் இன்றிரவு தாழ்ப்பாளைப் போடுமுன் அடுத்த வளவை ஒருமுறை பார்ப்போம். அங்கே விளக்கு எரிகின்றதா? எரியவில்லை என்றால், போய்க் கேட்டுவிட்டு வந்து நம் கதவை அடைப்போமாக.